பெண்கள் நலமும் எச்.ஐ.வி.யும்: பதினைந்து நிமிட உரையைக் கேட்பவர் மனம் மாறும்படி அமைப்பது எப்படி?

சுய உதவிக் குழுக் கூட்டம், பனியன் கம்பெனியின் மதிய இடைவேளை, கிராம சபை முடிந்தபின் பள்ளிக்கூட வராந்தா என்று பெண்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேச இடங்கள் நிறைய கிடைக்கின்றன. பேச்சும் நடக்கிறது. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் உறுதிமொழியும் எடுக்கிறார்கள். ஆனால் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களில் எத்தனை பேர் மறுவாரம் நம்பிக்கை மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மையத்துக்குப் போகிறார்கள்? உரை வேலை செய்ததா என்பதை இந்த ஒன்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கிராம சுகாதார செவிலியர், குழுப் பயிற்றுநர், ஆலோசகர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் என இப்படிப் பேச வேண்டியவர்களுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. இதில் வரும் எல்லா உத்திகளும் ஒரு வேலைக்காகவே: பரிசோதனையை நடத்தையிலிருந்து பிரித்து வைப்பது. ரத்தம் கொடுப்பதால் தன்னைப் பற்றியோ கணவரைப் பற்றியோ எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு பெண்ணுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டால், பாதி வழி வந்துவிட்டார்.

படி 1: ஒரே ஒரு வேண்டுகோள்

உரையை எழுதும் முன் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "இந்தப் பேச்சைக் கேட்ட பெண், இன்ன கிழமை, இன்ன இடத்துக்குப் போய், இன்னதைச் செய்வார்." விழிப்புணர்வு பெறுவார், தெளிவடைவார் என்று நிரப்பினால் அது இலக்கு ஆகாது. "வரும் வியாழன் காலை, தாலுகா அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசகரைப் பார்ப்பார்" என்பது இலக்கு.

ஆணுறை, பரிசோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை, தடுப்பூசி, சத்துணவு என ஐந்தையும் ஒரே உரையில் கேட்டால் எதுவும் நடக்காது. கூட்டத்துக்கு ஏற்ப ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கர்ப்பிணிகள் அதிகம் என்றால் பேறுகாலப் பரிசோதனை. முப்பது வயதைத் தாண்டியவர்கள் என்றால் கருப்பை வாய்ச் சோதனையும் அதோடு சேர்த்து ரத்தப் பரிசோதனையும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "எல்லாரும் கட்டாயம் டெஸ்ட் எடுக்கணும்" என்று மேடையில் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 (2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது) பரிசோதனைக்கு அவரவர் சம்மதம் வேண்டும் என்கிறது. "போய்ப் பேசுங்க, கேளுங்க, அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்று கேட்பதே முறை. அதற்குத்தான் ஆளும் வருவார்கள். கட்டாயம் என்று கேட்ட உடனேயே மனம் கதவைச் சாத்திக்கொள்ளும்.

படி 2: இடத்தைச் சரிசெய்தல்

பல உரைகள் கெடுவது சொல்லால் அல்ல, ஒலிபெருக்கியால். தெருவைப் பார்த்துக் கட்டிய குழாயில் "பெண்ணுறுப்பு", "உடலுறவு" என்ற சொற்கள் டீக்கடை வரை போனால், முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிடுவார்கள். அதன்பின் நீங்கள் என்ன சொன்னாலும் ஏறாது. கூட்டம் நாற்பது பேருக்குள் இருந்தால் மைக்கே வேண்டாம். கூடுதலாக இருந்தால் சின்னக் கைமைக், பெட்டி உள்பக்கம் பார்த்தபடி.

நாற்காலி வரிசையைவிடப் பாயில் வட்டமாக உட்காருவது நல்லது. ஊர்த் தலைவர், கம்பெனி மேற்பார்வையாளர், வாசலில் நிற்கும் ஆண்கள் ஆகியோரை வரவேற்பு முடிந்ததும் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். இதை முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொல்லி வையுங்கள். கூட்டத்தின் நடுவில் சொன்னால் மனத்தாங்கல் வரும். படம் எடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

படி 3: அச்சத்தையும் ஒழுக்கத்தையும் ஏன் விட்டுவிட வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். 1986-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது அப்போதுதான். தொற்று கண்டறியப்பட்டவர்கள் ஆறு பாலியல் தொழிலாளர்கள். அறிவியல் கண்டது ஒரு கிருமியை. ஊர் கேட்டதோ "அந்த மாதிரிப் பெண்களிடமிருந்து வரும் நோய்" என்று. நோயைப் பற்றிய பேச்சு பெண்ணின் மீது பழியாகவே இங்கே நுழைந்தது. அதனால் இன்றும் "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தியா?" என்ற கேள்வி ஒரு பெண்ணின் காதில் "நீ எப்படிப்பட்டவ?" என்றே விழுகிறது.

பிறகு மண்டை ஓட்டுப் படங்களும் "உயிர்க்கொல்லி" என்ற அடைமொழியும் வந்தன. அச்சம் ஒரு நிபந்தனையோடுதான் வேலை செய்யும்: தப்பிக்கும் வழி பக்கத்திலேயே, தன்னால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கணவரிடம் ஆணுறை பற்றி வாய் திறக்க முடியாத பெண்ணிடம் "இது உன்னைக் கொல்லும்" என்று மட்டும் சொன்னால், அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பேச்சு நடக்கும் பக்கமே போகாமல் இருப்பது.

2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரப் பலகைகள் தமிழ்நாடு முழுக்க நின்றன. பதில் சொல்லாத கேள்வியாக வைத்ததால், வாய்விட்டுப் பேசாத விஷயத்தை டீக்கடையிலும் பேருந்திலும் எல்லாரும் பேசினார்கள். கேள்வியைத் திறந்து வைப்பதன் பலத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் தமிழில் கிடையாது. ஆனால் பெண்கள் கூட்டத்தில் அந்த அமைப்பை அப்படியே எடுக்க முடியாது. புள்ளிராஜா என்ற கற்பனை மனிதர் வேறு யாரோ. கேட்பவர் வேடிக்கை பார்ப்பவராகவே இருந்துவிடலாம். புள்ளிராஜாவின் வீட்டில் ஒரு மனைவி இருந்தால் அவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் நம் உரை தொடங்க வேண்டும்.

"ஒருவனுக்கு ஒருத்தி" என்ற வாசகம் இன்னும் பெரிய ஆபத்து. கேட்க நன்றாக இருக்கும், கைதட்டலும் வரும். ஆனால் கூட்டத்தில் இருக்கும் பெரும்பாலோர் அதை ஏற்கெனவே கடைப்பிடிப்பவர்கள். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லை" என்று முடிவுகட்டி எழுந்துவிடுவார்கள். தொற்று இருப்பது தெரிந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தால், ஊர் முன்னால் அவரைக் குற்றவாளியாக்கியதாகவும் ஆகிவிடும். ஒரே வாசகம் இருவரையும் நம்பிக்கை மையத்திலிருந்து தள்ளி வைக்கிறது.

படி 4: சொற்கள்

"எய்ட்ஸ் நோயாளி" வேண்டாம், "எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்" என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்பது கிருமி, எய்ட்ஸ் என்பது சிகிச்சை இல்லாமல் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தபின் வரும் நிலை. இரண்டையும் கலந்து பேசினால் பரிசோதனையில் தொற்று தெரிவதே சாவு என்றாகிவிடும். "அப்பாவி மனைவி", "அப்பாவிக் குழந்தை" என்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். ஒருவரை அப்பாவி என்றால் மற்றவர் குற்றவாளி.

விளிப்பதில் வயதைப் பாருங்கள். இருபத்தைந்து வயதுச் செவிலியர் அறுபது வயதுப் பெண்ணைச் "சகோதரி" என்றால் ஒட்டாது. "பெரியம்மா", "அக்கா" என்று அந்த ஊர் வழக்கத்தில் அழையுங்கள். உறுப்புகளுக்குப் பாடப்புத்தகச் சொல்லோ கொச்சைச் சொல்லோ வேண்டாம். "வெள்ளைப்படுதல்", "தீட்டு", "கர்ப்பப்பை வாய்", "சேர்ந்து இருக்கிறது" என்று பெண்கள் தங்களுக்குள் பேசும் சொற்களே போதும்.

படி 5: எண்களைக் குறைத்து எடுத்தல்

பதினைந்து நிமிடத்தில் மூன்று எண்களுக்கு மேல் தங்காது. தேர்ந்தெடுக்கத் தகுந்தவை இவை.

ஒன்று: இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். நூற்றுக்கு 44 பேர் பெண்கள். "யாரோ" என்ற எண்ணத்தை இது உடைக்கும்.

இரண்டு: எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று ஏற்படலாம். தாய் எச்.ஐ.வி.க்கான மாத்திரை எடுத்து, குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வரும். இதை மேடையில் திருப்பிச் சொல்லுங்கள்: "நூறு குழந்தையில தொண்ணூத்தஞ்சுக்கு மேல நல்லபடியா இருக்கும்." கணக்கு ஒன்றுதான், ஆனால் ஐந்து என்று கேட்டவர் பயப்படுகிறார், தொண்ணூற்றைந்து என்று கேட்டவர் மருத்துவமனைக்குக் கிளம்புகிறார்.

மூன்று: எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. இதைப் புற்றுநோய்ச் சோதனைக்கு அழைக்கும் உரையில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய தகவல்கள் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "தாய்ப்பால் கொடுக்கவே கூடாது" என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். தாய் ஒழுங்காக மாத்திரை எடுக்கும் நிலையில், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம் என்பதே இப்போதைய அறிவுரை. தாய்ப்பாலையும் மாட்டுப்பாலையும் கலந்து கொடுப்பதுதான் கூடாது. "எதிர்ப்பு சக்தி குறைந்த பிறகே மாத்திரை" என்பதும் பழசு. 2017 முதல் தொற்று உறுதியானதுமே சிகிச்சை தொடங்குகிறது. பேசும் முன் உங்கள் குறிப்பை நம்பிக்கை மைய ஆலோசகரிடம் ஒருமுறை காட்டி வாங்குங்கள்.

படி 6: உரையின் உடல்

வணக்கம், மேடையில் இருப்பவர்கள் பெயர், ஒரு குறள் என்று தொடங்கினால் மூன்று நிமிடம் போய்விடும். கேட்பவரின் கவனம் மிகக் கூர்மையாக இருப்பது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

முதல் 2 நிமிடம்: எல்லாரும் கூச்சமின்றிக் கை தூக்கக்கூடிய கேள்வியில் தொடங்குங்கள். "இந்த வருஷம் சர்க்கரை பார்த்தவங்க யாரு? பிரஷர்? ரத்தத்துல இரும்புச்சத்து?" பாதிக் கை ஏறும். "வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு சரியில்லைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. நமக்குன்னா திருவிழா முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடுறோம், இல்லையா?" தலையசைப்பு வந்துவிட்டால் கூட்டம் உங்களோடு இருக்கிறது. எச்.ஐ.வி. பற்றி மட்டும் கை தூக்கச் சொல்லக் கூடாது, எந்தக் கட்டத்திலும்.

2 முதல் 5: வெள்ளைப்படுதலுக்கு வாருங்கள். எச்.ஐ.வி.க்குப் போகும் வழிகளில் பெண்கள் தயங்காமல் நடக்கும் வழி இது. வெள்ளைப்படுவது எல்லாமே நோயல்ல என்று முதலில் சொல்லுங்கள். நாற்றம், அரிப்பு, நிற மாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் காட்ட வேண்டும். பால்வினைத் தொற்று பெண்களிடம் பல நேரம் அறிகுறியே காட்டாது. புண்ணும் தொற்றும் இருக்கும் இடத்தில் எச்.ஐ.வி. எளிதாக நுழைகிறது. பெண்ணின் உள்பரப்பு பெரியது, விந்து உள்ளே தங்குகிறது. ஆகவே பெண்ணுடலுக்கு ஆபத்து கூடுதல். இது உடலமைப்பு. இங்கேயே அழுத்திச் சொல்லுங்கள்: "நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

5 முதல் 8: எப்படிப் பரவும், எப்படிப் பரவாது. நீட்டாதீர்கள். பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. தட்டு, டம்ளர், கழிப்பறை, கட்டிப்பிடிப்பது எதிலும் பரவாது. கொசுவைப் பற்றி எல்லா ஊரிலும் கேட்பார்கள். கொசு தன் உமிழ்நீரைத்தான் நம் உடம்புக்குள் விடுகிறது, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. குடித்த ரத்தத்தில் இருக்கும் இந்தக் கிருமி கொசுவின் வயிற்றிலேயே செரித்துவிடும். காரணத்தோடு சொன்னால் நம்புகிறார்கள், "பரவாது" என்று மட்டும் சொன்னால் சந்தேகம் அப்படியே இருக்கும்.

8 முதல் 12: உரையின் உச்சம். பலர் இதை அழுகையாக அமைக்கிறார்கள், நிம்மதியாக அமையுங்கள். 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரை. "சர்க்கரைக்கு மாத்திரை போடுற மாதிரிதான். விடாம எடுத்தா ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிரும். அந்த நிலையில இருக்கிறவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ஐந்து நொடி. கூட்டத்தில் பலர் இதை முதன்முறையாகக் கேட்பார்கள். அது உள்ளே இறங்க நேரம் வேண்டும். பிறகு தாய்-சேய் எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசி 3 நிமிடம் வேண்டுகோளுக்கு. இடம், கிழமை, நேரம், எந்தப் பேருந்து, எந்த வாசல், யாரைக் கேட்க வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், எவ்வளவு நேரமாகும், காசு கிடையாது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று முடித்தால் போக மாட்டார்கள். "புறநோயாளிச் சீட்டு வாங்கிட்டு, ரத்தப் பரிசோதனை அறைக்குப் பக்கத்துல நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும்" என்று சொன்னால் மனதுக்குள் ஒருமுறை போய்வந்துவிடுவார்கள். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணை அனைவரையும் சேர்ந்து ஒருமுறை சொல்ல வையுங்கள்.

படி 7: எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் பேசுவதென்றால்

இதைவிட வலுவான சான்று எதுவும் இல்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லி, 1998-ல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் அமைப்பைத் தொடங்கியபோது, அதுவரை சுவரொட்டியில் இருந்த நோய்க்கு ஒரு முகமும் குரலும் கிடைத்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1992 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், குடியரசுக் கட்சி மாநாட்டில் மேரி ஃபிஷர் பேசினார். வசதியான குடும்பம், இரண்டு குழந்தைகளின் தாய், கணவர் மூலம் தொற்று. அவரை "அப்பாவி" என்று அணைத்துக்கொள்ள அந்த அரங்கம் தயாராக இருந்தது. அவர் அந்தச் சலுகையை வாங்கவில்லை. மருத்துவமனையில் குழாய்களோடு போராடும் கறுப்பினக் குழந்தையோடும், குடும்பம் ஒதுக்கிய தன்பால் விருப்பம் கொண்டவரோடும் தானும் ஒன்றே என்றார். அனுதாபத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் யாருக்கு அது மறுக்கப்பட்டதோ அவர்களுக்குக் கைமாற்றியதுதான் அந்த உரையின் பலம். நம் கூட்டங்களிலும் "கணவரால் வந்தது" என்று சொல்லும் பெண், "யாருக்கு எப்படி வந்திருந்தாலும் மாத்திரை ஒன்றுதான், மரியாதையும் ஒன்றுதான்" என்று ஒரு வரி சேர்த்தால், கூட்டத்தில் வாய் திறக்காமல் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கும் வாசல் திறக்கும்.

அவர் பேச ஒத்துக்கொண்டால் முன்கூட்டியே பேச வேண்டியவை: எதைச் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார், எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம், சொந்த ஊரிலும் பிள்ளைகள் படிக்கும் ஊரிலும் பேச வேண்டாம், பயணச் செலவும் அன்றைய கூலியும் கண்டிப்பாகத் தர வேண்டும். அவரை அழ வைக்கும் கேள்வி எதையும் கேட்காதீர்கள். கண்ணீரைப் பார்த்த கூட்டம் இரக்கப்படும். தானும் பரிசோதித்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று அதற்குத் தோன்றாது. அவர் தன் வேலை, மாத்திரை நேரம், பிள்ளையின் படிப்பு பற்றிச் சொல்லட்டும்.

படி 8: மறுப்புகளை நீங்களே எடுத்து வைத்தல்

"என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை." இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லா மனதிலும் இருக்கும். ஆண்களைத் திட்டி இதற்குப் பதில் சொல்ல முற்பட்டால் தோற்றுவிடுவீர்கள். கணவரைக் காப்பாற்றப் பேசுகிற மனைவியோடு நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லலாம்: "கர்ப்பமா இருக்கிற எல்லாருக்கும் இந்த டெஸ்ட்டைப் பத்திச் சொல்றாங்க. கலெக்டர் வீட்டம்மாவா இருந்தாலும் சரி, களை எடுக்கிற அக்காவா இருந்தாலும் சரி. யார் எப்படின்னு பார்த்து எடுக்கிற டெஸ்ட் இல்லை இது." சந்தேகப் பட்டியலில் இருந்து சோதனையை எடுத்து வழக்கமான பட்டியலில் வைக்கிறீர்கள்.

"யாராவது பார்த்துட்டா?" அச்சம் நியாயமானது, சிரித்துத் தள்ளாதீர்கள். முடிவை ரகசியமாக வைக்க வேண்டியது சட்டப்படி மையத்தில் இருப்பவர்களின் கடமை என்று சொல்லுங்கள். உள்ளூரில் வேண்டாமென்றால் அடுத்த ஊர் மையத்துக்குப் போகலாம் என்பதும் நல்ல பதிலே.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?" இதற்கு எட்டாவது நிமிடத்திலேயே பதில் சொல்லியாயிற்று, ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். சமீபத்தில்தான் தொற்று ஏற்பட்டிருந்தால் சோதனையில் உடனே தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துவிடுங்கள்.

நான்காவது மறுப்பு உயிர் சம்பந்தப்பட்டது: "எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுச்சுன்னா, என்னாலதான் வந்துச்சும்பாரு." இது பல வீடுகளில் நடக்கிறது. மனைவி பேறுகாலத்தில் சோதித்துக்கொள்கிறார். கணவர் சோதித்ததே இல்லை. முதலில் தெரிந்தவர் தலையில் பழி. ஆகவே "முடிவு வந்ததும் வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்று மேடையிலிருந்து அறிவுரை சொல்லவே கூடாது. எப்போது, எப்படி, யார் முன்னிலையில் சொல்வது என்பதை ஆலோசகரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று சொல்லுங்கள். அடி உதை பயம் இருந்தால் பெண்கள் உதவி எண் 181. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போய்ச் சோதித்துக்கொள்ளவும் வழி உண்டு என்று சொல்லுங்கள்.

படி 9: ஒத்திகை

வாய்விட்டு மூன்று முறை பேசுங்கள், கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். எழுத்து நடையில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் அங்கே காதில் இடிக்கும். "உடலுறவு", "ஆணுறை" என்ற சொற்களில் குரல் தாழ்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் கூச்சப்பட்டால் கூட்டமும் கூச்சப்படும்.

படி 10: கேள்விகளும் அதன் பிறகும்

"கேள்வி இருக்கா?" என்றால் அமைதிதான் வரும். எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். கேள்வி இல்லாதவர்கள் ஒரு கோடு போட்டு மடித்துத் தரட்டும். அப்போதுதான் எழுதியவர் தனியாகத் தெரிய மாட்டார். எழுதத் தெரியாதவர்களுக்காகச் செவிலியர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கையெழுத்து மற்றவர் கண்ணில் படாதபடி சீட்டை உங்கள் கைக்குள் வைத்துப் படித்து, முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

யாராவது உணர்ச்சிவசப்பட்டுக் கூட்டத்தின் நடுவே தன் நிலையைச் சொல்லத் தொடங்கினால், "நன்றிக்கா, இதை நாம ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசலாம்" என்று மென்மையாக நிறுத்துங்கள். கைதட்ட வைக்காதீர்கள். சொன்னதை அவர் திரும்ப எடுக்க முடியாது.

பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடாமல் அரைமணி நேரம் பாய் மடிக்கும் சாக்கில் அங்கேயே இருங்கள். உண்மையான கேள்விகள் செருப்பு மாட்டும்போதுதான் வரும்.

இரண்டு வாரம் கழித்து மையத்தில் விசாரிக்கலாம்: அந்த வாரம் மொத்தம் எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று மட்டும். எந்த ஊர், யார், என்ன முடிவு என்று கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. எண்ணிக்கை ஏறவில்லை என்றால் முதலில் கடைசி மூன்று நிமிடத்தைத் திருத்துங்கள்: நீங்கள் சொன்ன கிழமை கூலி வேலை உச்சத்தில் இருக்கும் நாளா, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரப் பேருந்து இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் முன் வீடு சேர முடியுமா என்று பார்த்து.